என் தலைசுற்றலை அளந்தவர்

அவருடைய பெயரை என் நாட்குறிப்பில் நான் ஒருமுறைகூட எழுதியதில்லை. அந்த நான்கு வருட நோட்டுகளில் அவர் வராத வாரம் குறைவு. எல்லா இடத்திலும் 'அவர்' என்றுதான் இருக்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் பெயர் போட்டிருக்கிறேன். பிரஸ் ஷாப்பில் குடிதண்ணீர் கேன் மாற்றும் அம்மாளுக்குக்கூட. அவருக்குப் போடக் கை வரவில்லை. இன்றும் வரவில்லை.

ஓசூரில், வண்டிகளுக்குத் தகட்டுப் பாகங்கள் அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் டை செட்டராக இருந்தேன். பிரஸ் எந்திரத்தில் அச்சை ஏற்றி, மட்டம் பார்த்து, போல்ட்டுகளை முடுக்கி, முதல் பத்துப் பீஸ் சரியாக விழுந்த பிறகு ஆபரேட்டர் கையில் ஒப்படைப்பது என் வேலை. இரண்டாயிரத்து மூன்றில் அவர் டைம் ஸ்டடிக்கு வந்தார். ஒரு ஆள் தகட்டை எடுக்க, வைக்க, அடிக்க, தள்ள எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து, மணிக்கு இத்தனை பீஸ் என்று இலக்கு வைப்பது அவர் வேலை. அதை ஒருவர் வெறுக்கத்தக்க விதத்தில்தான் செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் எங்களோடு பீடி குடித்தார்.

இவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டுவரை போட்டிருப்பார். கையில் கிளிப் வைத்த அட்டை. ஸ்டாப்வாட்ச் கறுப்புக் கயிற்றில் கழுத்தில் தொங்க வேண்டியது. ஆனால் கயிறு மட்டும்தான் வெளியே தெரியும். வாட்ச் கால்சட்டைப் பைக்குள் இருக்கும். அவர் கட்டைவிரல் துணிக்குள் அசைகிறதா என்று பார்த்துத்தான் அளக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்வோம். எப்போதும் வலது தோளுக்குப் பின்னால், இரண்டடி தள்ளி நிற்பார். திரும்பினால் கும்பிடுவார்.

"வணக்கமுங்ணா. நீங்க பாட்டுக்கு செய்யுங்க. என்னையக் கண்டுக்காதீங்க."

பிரஸ் ஷாப்பில் எதுவும் காதில் விழாது. ஆகவே இதைச் சொல்ல அவர் நம் காதருகே வந்து குனிய வேண்டும். ஏலக்காய் வாசம் அடிக்கும். அவர் ஒருமுறையும் குரலை உயர்த்தியதில்லை, ஒருமுறையும் 'நீ' என்று சொன்னதில்லை. திட்டுகிற சூப்பர்வைசரைத் திரும்பத் திட்டிவிட்டுப் போய்விடலாம். அண்ணா அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே மூத்திரம் போகும் நேரத்தைக் குறிக்கிற ஆளை என்ன செய்வது?

குறித்தார். மிகையாகச் சொல்லவில்லை. முதல் ஷிப்ட்டில் ஒரு ஆள் சராசரியாக எத்தனை முறை போகிறார், எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு ஒட்டினார். பெயர் இல்லை, மெஷின் எண் மட்டும். எங்களுக்கு எண்ணும் பெயரும் ஒன்றுதான்.

தேநீர் இடைவேளை பத்து நிமிடம். கேன்டீனுக்கு நடந்துபோய்த் திரும்ப நான்கு நிமிடம் ஆகிறது என்று கண்டுபிடித்தார். அடுத்த மாதம் முதல் தள்ளுவண்டியில் டீ எங்கள் மெஷினுக்கே வந்தது, இடைவேளை ஆறு நிமிடம் ஆனது. நாங்கள் போய் நின்றபோது உண்மையாகவே வியந்தார்.

"டீ உங்களைத் தேடி வருதுங்ணா. நடக்கற சிரமம் மிச்சம்தானுங்க?"

அந்த நான்கு நிமிட நடையில்தான் நாங்கள் வெயிலைப் பார்த்தோம் என்பதை அவரிடம் எந்த மொழியில் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறவர்கள் இருந்தார்கள். பயனில்லை. வாயால் சொல்கிற எதையும் அவர் நம்பவில்லை. உடம்பு சரியில்லை என்றால் தலையாட்டிவிட்டு அட்டையைப் பார்ப்பார். நேற்றைவிட இன்று பீஸ் குறைந்திருந்தால்தான் அவருக்கு அது காய்ச்சல்.

இந்த ஆளிடமிருந்து தப்ப எங்களுக்கு ஒரு வழி இருந்தது. சத்தத்தில் பேச முடியாததால் பிரஸ் ஷாப்பில் பாதிப் பேச்சு கைச்சைகைதான். அவர் கதவில் தலைகாட்டியதும் முதல் மெஷின்காரர் உள்ளங்கையை மேலே விரித்து, அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். மழை தூறுகிறதா என்று பார்ப்பதுபோல. அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். முனிராஜ் என்ற ஆபரேட்டர் கூடவே "வச்சாடு, வச்சாடு" என்று தெலுங்கில் வாயசைப்பான். வந்துவிட்டான் என்று அர்த்தம். சைகை ஷாப்பின் கடைசிவரை போய்ச் சேர்வதற்குள் எல்லாக் கைகளும் மெதுவாகிவிடும். மணிக்கு முந்நூறு போட முடிகிற ஆள் இருநூற்று நாற்பது போடுவான், அதையும் வேர்க்க விறுவிறுக்கப் போடுவான். அவர் அளப்பது அந்த வேகத்தை. எங்கள் இலக்கு அதன்மேல் நின்றது. நாற்பத்திரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு சைகையால்.

அவருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் நோட்டில் இருக்கிறது. ஒருநாள் ஏழாம் மெஷினில் ஊத்தங்கரைப் பக்கத்து ஆள் ஒருவருக்கு இரண்டு விரல் போயின. நாங்கள் துணி தேடி ஓடினோம், ஒருவர் மெயின் ஸ்விட்சை அணைக்க ஓடினார். டைம் ஸ்டடிக்காரர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, பையிலிருந்து வாட்சை எடுத்துப் பார்த்து, அட்டையில் எழுதினார். அன்றைக்கே அவரை அடித்திருப்பார்கள். ரத்தத்தைப் பார்த்த அதிர்ச்சியில் யாருக்கும் தோன்றவில்லை. பிறகு விசாரணை வந்தபோது, கவனக்குறைவாகக் கையை உள்ளே விட்டார் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள். அவருடைய தாளில், பெடலை ஒருமுறை மிதித்ததற்கு மெஷின் இரண்டுமுறை இறங்கியது நொடிக்கணக்கோடு இருந்தது. அந்தத் தாளால் விரல் போனவருக்கு வேலை தப்பியது. விரல் போனவரின் மனைவி நன்றி சொல்லப் பழம் வாங்கிக்கொண்டு கேட்டில் காத்திருந்தார்.

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்? நடந்ததத்தானுங்க எழுதுனன்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். அடக்கத்தால் சொல்லவில்லை. உண்மையில் அவருக்கு அது எதுக்கென்று தெரியவில்லை. அந்த அம்மாள் பழப்பையோடு நின்றதைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் இருந்த வெறுப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

இனி என் விஷயம்.

அடுத்த வருடம் ஆடி மாதத்தில் ஒரு காலை, படுக்கையில் வலப்பக்கம் புரண்டு எழுந்தேன். அறை சுற்றியது. சுவர், கதவு, காலண்டர் எல்லாம் ஒரே பக்கமாக ஓடின. கட்டிலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். ஒன்பதரை மணிக்கு மேல்தான் நிமிர்ந்து நடக்க முடிந்தது. அரைநாள் விடுப்பு. அந்த வாரமே மறுபடி. பத்தொன்பது வருடம் பிரஸ் ஷாப்பில் இருந்ததில் வலது காது முன்பே மந்தம். உள்ளே எந்நேரமும் ஒரு ரீங்காரம். எங்கள் ஷாப்பில் அது இல்லாதவர் கிடையாது, ஆகவே அதை நோய் என்று யாரும் நினைப்பதில்லை.

பெங்களூரில் ஒரு பெரிய காது டாக்டரிடம் போனேன். காது மந்தமா என்றார், ஆமாம். ரீங்காரமா, ஆமாம். சுற்றல் எவ்வளவு நேரம் இருக்கும் என்றார். நான் பையிலிருந்து நோட்டை எடுத்துப் படித்தேன்: ஐந்து பத்திலிருந்து ஒன்பதரை வரை. அடுத்தது, ஐந்து ஐந்திலிருந்து எட்டே முக்கால் வரை. இவ்வளவு ஒழுங்கான நோயாளியைப் பார்த்ததில்லை என்று பாராட்டினார். உள்காதில் நீரழுத்தம் கூடுகிற நோய் என்று எழுதினார். மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, உயரத்தில் ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. மறுபடி மறுபடி வரும், காது மெல்ல முழுதும் போகலாம் என்றார்.

நான்கு மாதம் உப்பில்லாமல் களி தின்றேன். சுற்றல் நின்றபாடில்லை. டையின் அடிப் போல்ட்டுகளைக் குனிந்து முடுக்க பயம். அதை எனக்காக முனிராஜ் செய்து கொடுத்தான், தன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து. என் மனைவிதான் முதலில் கேட்டாள்.

"ஏங்க, நாலு மாசமா உப்பில்லாம தின்னுகினு இருக்கீங்க. சுத்து நின்னுச்சா?"

"போகப் போகத்தான் தெரியும்னு டாக்டர் சொன்னாரு."

"அவரு உங்க தலையத் தொட்டுப் பாத்தாரா? நோட்டத்தான பாத்தாரு?"

பெரிய டாக்டர் சொன்னதை எட்டாவது படித்தவள் கேள்வி கேட்கிறாளே என்று கோபப்பட்டேன்.

மார்கழியில் ஒருநாள் பர்சனல் ஆபீசர் கூப்பிட்டு ஒரு கவரைக் கொடுத்தார். குற்றச்சாட்டு. பொய்யான நோய்க் காரணம் காட்டி விடுப்பு எடுத்ததாகவும், வேலை நேரத்தில் மயக்கம் வந்ததுபோல நடித்ததாகவும். கூட ஒரு தாள், கட்டம் போட்டது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்.

ஷாப்பில் எனக்குச் சுற்றல் வந்ததை அவர் எட்டு முறை அளந்திருந்தார். தேதி, நேரம், தொடங்கியது, முடிந்தது. இருபத்திரண்டு நொடி. இருபத்தேழு. இருபத்தைந்து. பத்தொன்பது. ஒன்றுகூட அரை நிமிடத்தைத் தாண்டவில்லை. நாலு மணி நேரம் தலை சுற்றியது என்று விடுப்புக் கடிதத்தில் நான் எழுதியிருப்பதாகவும், உண்மையில் இவ்வளவுதான் என்றும் கீழே ஒரு குறிப்பு. அதற்குக் கீழே இன்னொன்று: எட்டு முறையும் அது அவர் பிரஸ் ஷாப்புக்குள் நுழைந்த ஒரு நிமிடத்துக்குள் நடந்தது என்று.

"சீக்கு நெஜம்னா பிரஸ் பக்கம் நிக்கக் கூடாது. பொய்னா கம்பெனியிலயே நிக்கக் கூடாது. எப்படிப் பாத்தாலும் உங்களுக்குக் கஷ்டம்தான்" என்றார் பர்சனல் ஆபீசர். வருத்தமாகத்தான் சொன்னார். எனக்கு நாற்பத்தேழு வயது. மகள் பிளஸ் டூ. டை செட்டரை அந்த வயதில் எந்தக் கம்பெனி எடுக்கும்?

விசாரணை, பயிற்சி வகுப்பு நடத்தும் அறையில் நடந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த வயதான வக்கீல்தான் விசாரணை அதிகாரி. எனக்கு உதவியாக ஒரு சக தொழிலாளியை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். முனிராஜ் வந்தான். அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, புகார் கொடுத்த அவர் தன் தாளைப் படித்து முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, ஒரு கேள்வி" என்றான் அதிகாரியிடம். பிறகு அவர் பக்கம் திரும்பினான். "நீ உள்ள இருக்கறப்ப வந்ததத்தானய்யா நீ பாத்திருப்ப? நீ இல்லாதப்ப வந்தது உனுக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி என்று எனக்குத் தோன்றியது. அவர் தாளைப் புரட்டினார். அவசரமே இல்லை.

"அந்த எட்டு நாளும் நான் ஷிப்ட் முடியற வரைக்கும் அங்கயேதான் இருந்தனுங்க. எட்டு மணி நேரத்துல எப்ப வேணா சுத்தியிருக்கலாமுங்களே. வந்த மொத நிமிஷத்துல மட்டும் சுத்துனா, அது என்னையப் பாத்து சுத்துனதுதானுங்க?"

அதிகாரி பேனாவின் பின்பக்கத்தால் காதைச் சொறிந்தார். வேறொரு டாக்டரின் சான்று வேண்டும், அடுத்த திங்கள்வரை நேரம் தருகிறேன் என்று முடித்தார்.

கிருஷ்ணகிரியில் காது மூக்கு தொண்டை பார்க்கும் ஒரு டாக்டர் அம்மாவிடம் போனேன். சின்ன வயது. எவ்வளவு நேரம் சுற்றும் என்று இவரும் கேட்டார். நான் நோட்டைத் திறந்தேன்.

"நோட்ட மூடுங்க. வாந்தி, அசதி, நடக்க முடியாதது எல்லாத்தையும் விடுங்க. ரூம் சுத்தறது, அது மட்டும், எத்தன நேரம்?"

எழுந்த நேரத்திலிருந்து வேலைக்குப் போகும் தெம்பு வந்த நேரம்வரை நிமிடம் பிசகாமல் எழுதிவைத்திருந்தேன். கேட்ட கேள்வி அது இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விசாரணைக் காகிதங்களை டாக்டர் அம்மா புரட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டம் போட்ட தாளில் நின்றார்.

"இது யார் எழுதுனது?"

"என்மேல கம்ப்ளைன்ட் குடுத்த ஆளுங்க."

"ரொம்ப நல்லா எழுதியிருக்காரு" என்றார்.

என்னை மேஜைமேல் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, திடீரென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை மேஜை விளிம்புக்கு வெளியே தொங்கியது. மின்விசிறி, விளக்கு, அவர் முகம் எல்லாம் பறந்தன. கத்தினேன். என் கண்களை விரித்துப் பார்த்துக்கொண்டே எண்ணினார். இருபத்து நாலு. நின்றுவிட்டது.

பெங்களூர் டாக்டர் சொன்ன நோய் இல்லை என்றார். உள்காதில் மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. அவை இடம் தவறி, இருக்கக் கூடாத குழாய்க்குள் போயிருக்கின்றன. தலையைச் சாய்த்தால், அண்ணாந்தால், படுக்கையில் புரண்டால் அவை உருளும், அரை நிமிடம் உலகம் சுற்றும். மற்றதெல்லாம் அதன் களைப்பு. "காது மந்தமும் ரீங்காரமும் தனி. அது உங்க பிரஸ் குடுத்தது. ரெண்டையும் சேத்துப் பாத்தா பெரிய நோய் மாதிரிதான் தெரியும்." தலையை நான்கு திசையில் மெல்ல மெல்லத் திருப்பி உட்காரவைத்தார். வியாழக்கிழமை மறுபடி ஒருமுறை செய்தார். அதன் பிறகு சுற்றவில்லை. உப்பு போட்டுச் சாப்பிடுங்கள் என்றார்.

அன்றைக்குச் சான்று எழுதும்போது ஒன்று கேட்டார். "அண்ணாந்து பாக்கற வேலையா உங்களுக்கு?"

"இல்லீங்க, குனியற வேலை."

"அப்ப இந்த எட்டு தடவையும் ஏன் வந்துச்சு?"

"தெரியலீங்க" என்றேன்.

பஸ் கிருஷ்ணகிரியைத் தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டு முறையும் அவர் நுழைந்தார். எட்டு முறையும் நான் உள்ளங்கையை விரித்துக் கூரையைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முனிராஜ் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் முதலில் சிரித்தான், தொடையில் அடித்துக்கொண்டு. "மழ பாத்தே மயக்கம் போட்ட ஒரே ஆளு நீதான்ணா." பிறகு சிரிப்பு நின்றது.

"கேட்டான்னா என்ன சொல்லுவ?"

"அதான் தெரியல."

"கிரேன்னு சொல்லு. தலைக்கு மேல கிரேன் போவுதில்ல? போறப்ப பாக்கத்தான வேணும்? அதச் சொன்னா முடிஞ்சுது." அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். அவன் குரலைத் தாழ்த்தினான். "அந்தச் சைகய மட்டும் வாயில எடுத்துராத ணா. போச்சுன்னா எல்லாருக்கும் போச்சு."

திங்கட்கிழமை சான்றிதழை அதிகாரி இரண்டுமுறை படித்தார். நோய் உண்மை, குணமாகிவிட்டது, வேலை செய்யத் தடையில்லை. என் பக்கம் சாய்ந்துவிட்டது என்றே நினைத்தேன். தாள் எழுதியவரிடம், கேட்க ஏதும் உண்டா என்றார் அதிகாரி.

"நோயப் பத்தி எனக்குத் தெரியாதுங்க. டாக்டரு அரை நிமிஷம்னு எழுதியிருக்காங்க, என்ற தாளுலயும் அதுதானுங்க இருக்குது." பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணாந்து பாத்தா வரும்னு போட்டிருக்குதுங்க. டை செட்டரு எதுக்குங்ணா மேல பாக்கணும்?"

"கிரேன் போவும். அதப் பாக்கணும்" என்றேன்.

அட்டையில் இரண்டு தாள்களைப் புரட்டினார். "அந்த எட்டு நாள்ல அஞ்சு நாள் கிரேன் ஓடலீங்க. மோட்டார் காயில் கட்டப் போயிருந்துச்சு. மெயின்டனன்ஸ் புக்குல பாத்துக்கலாமுங்க."

மேஜைக்கடியில் முனிராஜ் தன் காலை என் காலின்மேல் வைத்து அழுத்தினான். "நீங்கதான் சொல்லணும்" என்றார் அதிகாரி. "இதுக்குப் பதில் இல்லன்னா, அவர் வந்தத பாத்து நீங்க சுத்திக்கிட்டதாத்தான் நான் எழுத வேண்டியிருக்கும்."

நான் யோசித்தேன் என்று சொல்வது பொய். மகளைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ எதுவும் நினைக்கவில்லை. பொய்யன் என்று என்னை எழுதப்போகிறார்கள், அது காகிதத்தில் இருக்கப்போகிறது என்பது மட்டும்தான் இருந்தது. உள்ளங்கையை விரித்து மேலே பார்த்தேன். தலை சுற்றவில்லை.

"மழை பாக்கறோம்ங்க."

"கட்டடத்துக்குள்ளயா?" என்றார் அதிகாரி.

சொன்னேன். யார் தொடங்குவார், எப்படிப் பரவும், எதற்காக, எல்லாம். முனிராஜின் கால் என் காலைவிட்டு நகர்ந்தது. அவர் வாட்சை மேஜைமேல் வைத்துவிட்டு, பேனாவை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதினார். குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. சரிபார்த்துக்கொள்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. முடித்ததும், "அப்பச் சரிங்க" என்று மூடியைப் போட்டார்.

இதற்காகவே அந்த ஆள் எல்லாவற்றையும் நடத்தினான் என்பது முனிராஜின் கட்சி. சைகை அவனுக்கு முன்பே தெரியும், ஒரு தொழிலாளி வாயிலிருந்து கையெழுத்தோடு வேண்டியிருந்தது, அதற்கு இளிச்சவாயனாக நான் கிடைத்தேன் என்பான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டு முறையும் ஏன் தான் வந்தபோதே நடந்தது என்பது அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை, தெரிந்தாக வேண்டியிருந்தது, தெரிந்ததும் அடுத்த வேலையைப் பார்த்தார். முனிராஜ் சொல்வதுபோலச் சூழ்ச்சி செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். ஒரு மனிதன் என்மேல் பகைகூட இல்லாமல் என்னை இப்படிச் செய்ய முடிந்ததை மன்னிக்க முடியவில்லை.

குற்றச்சாட்டு நீக்கப்பட்ட உத்தரவும், பிரஸ் ஷாப்பின் புதிய இலக்கும் ஒரே வாரத்தில் வந்தன. எல்லா மெஷினிலும் மறுபடி அளந்தார்கள். மணிக்கு முந்நூறு. முனிராஜ் அறிவிப்புப் பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றான். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"உன் தல நின்னுடுச்சு ணா" என்றான், பலகையைப் பார்த்துக்கொண்டே. "சந்தோசம்."

அதற்கு அடுத்த நாள் முதல் ஷிப்ட். நானே குனிந்து அடிப் போல்ட்டுகளை முடுக்கினேன். நிமிர்ந்தேன். கூரை கூரையாக இருந்தது. ஏழரை மணிக்கு அவர் கதவில் வந்தார். ஒருவரும் உள்ளங்கையை விரிக்கவில்லை, ஒருவரும் வேகத்தைக் குறைக்கவில்லை; குறைக்க முடியாது, பெட்டியில் தகடு குவிந்துகொண்டிருந்தது. வாட்ச் வெளியே, கையில் தெரிய, நடுவழியாக நடந்து வந்தார். யாருக்குப் பின்னாலும் நிற்கவில்லை. என் மெஷினுக்கு எதிரே வந்ததும் நின்று, எல்லோரும் பார்க்க, இரண்டு கையையும் கூப்பி எனக்கு வணக்கம் வைத்தார்.

என் கையும் எழுந்தது. வணக்கம் வைத்தால் திரும்ப வைத்தே பழகிய கை. பாதியில் இறக்கிவிட்டேன், ஆனால் அதற்குள் முனிராஜ் பார்த்துவிட்டான்.